கணிப்பொறியின்முன் இருவர்

நன்னூலார் கல்வியை நான்கு காலாகப் பகுத்துரைத்தார். ஆசிரியர்பாற் கேட்டுப் பெறுவது ஒரு கால். உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது ஒரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்புவது எஞ்சிய அரை. இலக்கணம் பயில்வார்க்கென எழுந்த இக்கணக்குக் கணிப்பொறி பயில்வார்க்கும் பொருந்துமோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். யாம் தமிழ் மாணாக்கர்; கணிப்பொறிக் கூடத்துள் விருந்தினராகவே நுழைகின்றோம்.

அமெரிக்க நாட்டு யூட்டா பல்கலைக்கழகத்தில் 1999-ஆம் ஆண்டில் லாரி வில்லியம்ஸ் அம்மையார் ஒரு சோதனை நிகழ்த்தினார். மென்பொருட் பொறியியல் பயின்ற மாணாக்கர் 41 பேருள் 13 பேர் தனித்தனியே நிரல் எழுதினர். 28 பேர் இருவர் இருவராக ஒரே பொறியின்முன் அமர்ந்தனர். ஒருவர் விசைப்பலகையை இயக்குவார். மற்றவர் வாளா இராது ஒவ்வொரு வரியையும் நோக்கிப் பிழை காட்டி, மேற்செய்வதை எண்ணுவார். பின்னர் இருவரும் இடம் மாறுவர். இருவர் ஒரு வேலை செய்யின் உழைப்பு இரட்டிக்கும் என்றே எவரும் எண்ணுவர். முதற்கண் இருவர் நேரத்தையும் கூட்டியபோது தனியர் நேரத்தினும் 60 விழுக்காடு மிகுந்தது. பழகியபின் அம்மிகுதி ஏறத்தாழ 15 விழுக்காடாய்க் குறுகிற்று. பிழைகளோ ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தன.

அறிவியற் கணிப்பில் இவ்விரண்டாம் கண் இன்னும் இன்றியமையாதது. கதிரவனைச் சுற்றும் ஒரு கோளின் வழியை ஆய்லர் முறையால் கணிக்கும் மாணாக்கரை எண்ணுக. நிரல் தடையின்றி ஓடும்; ஆயினும் கோள் சுற்றுதொறும் வெளியே விலகிச் செல்லும். நியூட்டன் விதியில் குற்றமில்லை. காலத்தைத் துண்டாக்கி, ஒரு துண்டின் தொடக்கத்து வேகத்தையும் விசையையுமே அத்துண்டு முழுதுக்கும் கொண்டமையால் வந்த விலகல் அது. தனித்திருப்பவர் படம் வந்ததே போதுமென ஒப்படைத்துவிடுவார். அருகிருப்பவர், "ஆற்றல் ஏன் ஏறிக்கொண்டே போகின்றது?" என வினவின், தம் முறையை வாய்விட்டு விளக்கியே தீரவேண்டும். நன்னூலார் சொன்ன அரை அங்கேதான் கைகூடுகின்றது.

ஒன்றாய் உட்கார்ந்தால் மட்டும் இப்பயன் விளையாது. வல்லவர் விசைப்பலகையைக் கைவிடாராயின் மற்றவர் வேடிக்கை பார்ப்பவரே. ஒருவர் உழைக்க நால்வர் பெயர் ஏறும் ஏடுகளை எக்கல்லூரிதான் கண்டதில்லை! ஆதலின் முறைமாற்றத்தை ஆசிரியரே கடிகாரம் பார்த்து நடத்துதலும், நிரலின் எப்பகுதியையும் குழுவில் எவரிடத்தும் வினவுதலும் வேண்டும் என்பது எம் கருத்து.

தனித்து விடப்படுவோர் நிலையும் கருதற்பாலது. கணிப்புக்கு அடிப்படையான நுண்கணிதத்தில் கறுப்பின மாணாக்கர் பலர் தவறியதன் காரணத்தை, 1970-களில் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் தேடினார். வறுமை, ஊக்கமின்மை என்று பிறர் ஊகித்தவை பொருந்தவில்லை. அம்மாணாக்கர் கடுமையாக உழைத்தனர். ஆனால் பெரும்பாலும் தனித்தே உழைத்தனர். நன்கு தேறிய சீன மாணாக்கரோ கூடியிருந்து ஒருவர் விடையை ஒருவர் திருத்தினர். டிரைஸ்மன் தவறியோர்க்கெனத் தாழ்ந்த வகுப்பு எதுவும் வைக்கவில்லை. கடினமான கணக்குகளையே தந்து கூடிச் செய்யப் பணித்தார். தேர்ச்சி பெரிதும் உயர்ந்தது. தேர்வை மட்டும் அவரவர் தனித்தே எழுதினர்.