ஒவ்வாத மருந்தை அறிவோம்

நுழையும்முன்

உணவின் அளவையும் நோயின் காரணத்தையும் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தில் ஆராய்கிறார் திருவள்ளுவர். மருந்தே நோய்க்குக் காரணமாகுமாயின், அதனைக் கண்டறிவது எவ்வாறு?

ஐயுறப்படாத மாத்திரை

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன்பே ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படும் தொழிலாளர் பலர். காலை உணவு தள்ளிப்போக, நெஞ்செரிச்சல் தோன்றுகிறது. மருந்துக்கடையில் ‘கேஸ் மாத்திரை’ கேட்டு வாங்குவதும் வழக்கமாகிவிடுகிறது. இரைப்பையின் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ஃபமோடிடின் முதலியன இவ்வகையின. இவற்றால் ஒவ்வாமை ஏற்படுவது அரிது, எனினும் ஏற்படுவதுண்டு. வலிநிவாரணி, நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவற்றுடன் சேர்த்து உண்ணப்படுவதால், பழி அவற்றின்மேல் விழ, உண்மைக் காரணம் மறைந்துவிடுகிறது. அதே மாத்திரையை மீண்டும் உண்ணும்போது உயிருக்கே இடர் நேரலாம்.

அறிகுறியும் உதவியும்

மாத்திரை உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ அரிப்பு, தோல் தடிப்பு, உதடு அல்லது இமை வீக்கம் தோன்றலாம். மூச்சுத்திணறல், குரல் கம்முதல், மயக்கம் ஆகியன கடுமையான ஒவ்வாமையின் அடையாளங்கள். உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். மயங்குபவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறுபவரைச் சாய்ந்து அமரச் செய்யலாம். தொடைத் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே உயிர்காக்கும் முதல் மருந்து. அரிப்பை அடக்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது.

கண்டறியும் முறை

எந்த மருந்து, எப்போது உண்ணப்பட்டது, எவ்வளவு நேரத்தில் அறிகுறி தோன்றியது என்பனவே மருத்துவர்க்கு முதற்சான்றுகள். தேவையெனில் தோல் சோதனையும், மருத்துவமனைக் கண்காணிப்பில் சிறிது சிறிதாக மருந்தளித்துப் பார்க்கும் சோதனையும் செய்யப்படும். இச்சோதனையை வீட்டில் செய்தல் கூடாது. ஒமிப்ரசோல் ஒவ்வாதவர்க்குப் பான்டோப்ரசோலும் ஒவ்வாது போகலாம். எனவே, மாற்று மருந்தை மருத்துவரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வணிகப்பெயர்கள் பல, மூலப்பெயர் ஒன்றே. ஒவ்வாத மருந்தின் மூலப்பெயரை எழுதி எப்போதும் உடன் வைத்திருத்தல் நன்று. மாத்திரை அட்டையை எறியாமல் காட்டினால் மருத்துவரின் பணி எளிதாகும். அச்சிறு அட்டை ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளின் வணிகப்பெயரையும் மூலப்பெயரையும் பட்டியலிடுக.