மாதிரிகள் முரண்படும்போது வடமதுரைக்கு மழை கணிப்பது எப்படி?

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானதும் ஐரோப்பிய வானிலை மாதிரி ஒரு பாதையும் அமெரிக்க மாதிரி வேறொரு பாதையும் காட்டினால், எது சரி என்றுதான் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைத் தள்ளிவைப்பதே முதல் படி. 2018 நவம்பரில் கஜா புயல் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றே முதலில் கணிக்கப்பட்டது. 16ஆம் தேதி அதிகாலை அது கடந்ததோ வேதாரண்யம் அருகே. திண்டுக்கல் மாவட்டத்து வடமதுரைக்கு இது சின்ன மாற்றமல்ல. சென்னைப் பக்கம் போகும் புயல் இங்கே தூறல்கூடத் தராமல் போகலாம். நாகைப் பக்கம் ஏறுவது நம் தலைக்கு மேலேயே வரலாம். கஜா திண்டுக்கல் மாவட்டத்தைத் தாண்டி, கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் அரபிக் கடலுக்குப் போனது.

ஆகவே ஒற்றைப் பாதைக் கோட்டை விட்டுவிட்டுக் கோடுகளின் கற்றையைப் பாருங்கள். கடல்மேல் அளவீடுகள் குறைவு. தொடக்கத்தில் இருக்கும் சிறு பிழை நாலைந்து நாளில் பெருத்துவிடும். அதனால்தான் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஐரோப்பிய மையம் ஒரே வேளையில் 51 கணிப்புகளை ஓட்டுகிறது, அமெரிக்க மையம் 31. கோடுகள் நெருங்கினால் நம்பலாம். விசிறியாய் விரிந்தால், 'இன்னும் தெரியாது' என்பதே அன்றைக்கு நேர்மையான கணிப்பு. இரண்டு மாதிரிகளையும் கூட்டிச் சராசரி எடுக்கலாமே என்பார்கள். பாதைக்கு அது சில சமயம் உதவும், மழைக்கு உதவாது. ஒன்று 10 செ.மீ., மற்றது சொட்டும் இல்லை என்றால், 5 செ.மீ. என்பது இரண்டுமே சொல்லாத மழை. அதைவிட, காலை 5.30, மாலை 5.30 மணி நிலவரத்தில் தொடங்கும் ஓட்டங்களை அடுத்தடுத்துக் குறித்துவாருங்கள்; கோடுகள் வேளைக்கு வேளை தெற்கே இறங்கினால் நமக்கு அபாயம் கூடுகிறது. நகரும் வேகத்தையும் கவனியுங்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி மணிக்கணக்கில் நகராமல் நின்றது. பிறகு கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு இருக்க, இதெல்லாம் எதற்கு? உயிருக்கு ஆபத்து என்றால் அந்த அறிவிப்பே முடிவு, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அது மாவட்டம் முழுமைக்குமானது. செடியில் நிற்கும் தக்காளிக்கு முடிவெடுக்க வேண்டியவர் தோட்டக்காரர்தான். செங்காயை இரண்டு நாள் முன்னே பறித்தால் அய்யலூர் சந்தையில் விலை கொஞ்சம் குறையலாம். மழையில் வெடித்தால் மொத்தமும் போய்விடும். அதனால் பத்துக்கு மூன்று கோடுகள் திண்டுக்கல்லைத் தொட்டாலே பறிப்பது நியாயம். களத்தில் காயும் சின்ன வெங்காயத்துக்குத் தார்ப்பாய் போட அதைவிடச் செலவு குறைவு. பத்துக்கு ஒரு கோடு போதும். உரம் வைப்பதை நாலு நாள் தள்ளிப்போட்டால் பெரிய நட்டமில்லை, அதற்கும் கோடுகள் நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம். கடைசி 12 மணி நேரத்தில் மாதிரிகளை மூடிவைத்துவிட்டுக் காரைக்கால் ரேடார் படத்தைத் திறங்கள். மழைக்கூட்டம் திருச்சியைத் தாண்டி மேற்கே வருகிறதா, வடக்கே விலகுகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.