கல்லூரியில் ஒரு கணினி வகுப்பறை: மூடுல் பற்றி அறிவோம்



இந்த மாதச் சுவரிதழுக்கு அறிவியல் தொழில்நுட்பம் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். ராக்கெட், ரோபோ என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். நம்மில் கல்லூரிக்குப் போகிற பலர் முதல் மாதத்திலேயே பார்க்கப்போகிற ஒன்றைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதன் பெயர் எல்.எம்.எஸ். தமிழில் கற்றல் மேலாண்மை அமைப்பு என்பார்கள். பெயர்தான் பெரிசு, விஷயம் சின்னதுதான். பயப்பட வேண்டாம்.

நம் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். பாடம் புத்தகத்தில் இருக்கிறது. வருகைப் பதிவேடு டீச்சர் மேசையில் இருக்கிறது. வீட்டுப்பாட நோட்டுக் கட்டு அலமாரி மேலே. மார்க் லிஸ்ட் ஆபீஸ் ரூமில். "நாளை பரீட்சை" என்பது கரும்பலகையின் ஓரத்தில், அதுவும் யாராவது அழித்துவிடாமல் இருந்தால். இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரு சர்வரில் வைத்து, ஆளுக்கு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டால் அதுதான் எல்.எம்.எஸ். நம் டீச்சர்கள் தினமும் செல்போனில் வருகை போடுகிறார்களே, அந்த எமிஸ் வேறு. அது எத்தனை பேர் வந்தோம் என்று கணக்கு வைக்கும். எல்.எம்.எஸ். பாடமே நடத்தும் இடம்.

இது இன்று நேற்று வந்தது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-லேயே டொனால்ட் பிட்சர் என்பவர் கணினியை வைத்துப் பாடம் நடத்த பிளேட்டோ என்ற ஒன்றைத் தொடங்கிவிட்டார். முதலில் ஒரே ஒரு மாணவர் உட்காரத்தான் இடம். பாடத்துக்கு நல்ல திரை வேண்டும் என்று 1964-ல் பிட்சரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து பிளாஸ்மா திரையைக் கண்டுபிடித்தார்கள். பிளாஸ்மா டிவி என்று பின்னாளில் கடைகளில் விற்றார்களே, அதற்கு மூலம் ஒரு வகுப்பறை! 1972-ல் வந்த பிளேட்டோவில் விரலால் திரையைத் தொட்டே விடை சொல்லலாம். நம் அப்பா அம்மா பிறப்பதற்கு முன்னால் டச் ஸ்கிரீன் இருந்திருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? ஆனால் பெரிய கணினியும் பெரும் பணமும் இருந்தால்தான் அதை வைத்துக்கொள்ள முடியும்.

இப்போது ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி பெரும் பாலைவனம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே நம் ஊரிலிருந்து மதுரை தூரம்கூட இருக்கும். அங்கே பள்ளிக்கூடம் எப்படிக் கட்டுவது? அடிலெய்ட் மீத்கி என்ற கல்வி ஆய்வாளர் ஒரு யோசனை சொன்னார். பறக்கும் மருத்துவர் சேவைக்காக அந்த வீடுகளில் ஏற்கெனவே ரேடியோ இருந்தது. அதிலேயே பாடம் நடத்தலாம் என்றார். 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்', அதாவது வான்வழிப் பள்ளி, ஆரம்பமானது. டீச்சர் மைக்கில் பேசுவார். பிள்ளைகளும் ரேடியோவில் பதில் சொல்வார்கள்.

அப்படி மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு சிறிய குடியிருப்பில் வளர்ந்து, ரேடியோவில் பாடம் கேட்டுப் படித்த பையன்தான் மார்ட்டின் டூகியாமஸ். அவருடைய பாடத்தாள்கள் விமானத்தில் வந்து இறங்கும். பெரியவரானதும் பெர்த் நகரில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். அங்கே காசு கொடுத்து வாங்கிய ஒரு எல்.எம்.எஸ். இருந்தது, அதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. தானே ஒன்றை எழுதினார். 2002 ஆகஸ்ட் 20-ல் அதன் முதல் பதிப்பு வெளிவந்தது. அதுதான் மூடுல். அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றியும் எழுதலாம். 2005-ல் இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமே இதைத் தேர்ந்தெடுத்தது. பள்ளிக்கூடம் எட்டாத இடத்தில் படித்தவர் செய்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இது தேவைப்படும்.

மூடுலுக்குள் என்ன இருக்கிறது? பாடக் குறிப்பு, வீடியோ எல்லாம் இருக்கும். அது பெரிய விஷயம் இல்லை. கொரோனா காலத்தில் நாம்கூட கல்வித் தொலைக்காட்சியில் பாடம் பார்த்தோமே. ஆனால் நாம் பார்த்தோமா, பாதியில் தூங்கினோமா என்று டிவிக்குத் தெரியாது. நாமும் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாது. மூடுலில் இரண்டு பக்கமும் போக்குவரத்து உண்டு. அதில் என்னைக் கவர்ந்தது குவிஸ்தான்.

ஆசிரியர் ஒரு கேள்வியை எழுதும்போது, சரியான விடையை மட்டும் குறிப்பதில்லை. ஒவ்வொரு தவறான விடைக்கும் தனித்தனியாக ஒரு பதில் எழுதி வைக்கலாம். உதாரணமாக, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரின் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி. நாம் 'காற்று' என்று தொட்டுவிட்டோம். உடனே 'தவறு' என்று பெருக்கல் குறி போடாமல், "சூடாக ஆரம்பிக்கும்போது வருகிற பொடிக் குமிழியில் காற்றுதான் இருக்கும். நீ அதை நினைத்திருப்பாய். கொதிக்கும்போது எழும் பெரிய குமிழியில் இருப்பது நீராவி" என்று வரும். ஏன் தப்பு செய்தோம் என்பதையே அது சொல்கிறது. அறுபது பேப்பர் திருத்தும் ஒரு டீச்சரால் ஒவ்வொரு தாளிலும் இவ்வளவு எழுத முடியுமா? கை ஒடிந்துவிடும். மூடுலில் ஒருமுறை எழுதி வைத்தால் போதும், எத்தனை வருஷம் ஆனாலும் அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த முதல் தடவை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதவில்லை என்றால் வெறும் பெருக்கல் குறிதான் வரும்.

எங்க அக்கா கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவள் கல்லூரியிலும் மூடுல்தான். அதை எனக்குக் காட்டிக் கொடுத்ததும் அவள்தான். அவள் பஸ் பிடித்து வீடு வந்து சேர ஏழு மணி ஆகிவிடும். எங்கள் தெருவில் சிக்னல் கிடைக்காது. தண்ணி டேங்க் பக்கம் போனால்தான் கிடைக்கும். ஒருநாள் ராத்திரி ஏழிலிருந்து ஒன்பதுக்குள் ஒரு குவிஸ். இருபது கேள்வி, இருபது நிமிஷம். அப்பா டார்ச் லைட்டோடு துணைக்கு நின்றார். நானும் போயிருந்தேன். பன்னிரண்டாவது கேள்வியில் நெட் போய்விட்டது. நாங்கள் டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்தோம். திரும்ப வந்தபோது நேரம் முடிந்திருந்தது. ஏனென்றால் அந்தக் கடிகாரம் நம் போனில் ஓடுவதில்லை, சர்வரில் ஓடுகிறது. நெட் இருக்கும்வரை அவள் தொட்ட விடைகளை மூடுல் தானாகவே சேமித்து வைத்திருந்தது. அதற்கு மட்டும் மார்க். இருபதுக்குப் பத்து.

மறுநாள் அக்கா போய்ச் சொன்னதற்கு, "சிஸ்டம் அப்படித்தாம்மா, நான் என்ன செய்ய?" என்றாராம் சார். அக்கா விடவில்லை. "சார், பதிவு இருக்குமே, பாருங்க சார்" என்று கேட்டிருக்கிறாள். மூடுலில் யார், எந்தப் பக்கத்தை, எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்பதெல்லாம் பதிவாகும். சார் திறந்து பார்த்தார். ஏழு நாற்பத்திரண்டுக்கு நுழைந்தவள், ஏழு ஐம்பத்தொன்றுக்கு மேல் ஒன்றுமே இல்லை. அப்புறம் அவர் தானாகவே பட்டியல் முழுவதையும் பார்த்திருக்கிறார். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் இன்னும் நான்கு பேர் அதேபோல் பாதியில் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட வந்து கேட்கவில்லை. குறைந்த மார்க்கை அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இங்கேதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது. "சிஸ்டம் அப்படித்தான்" என்பது சரியில்லை. மூடுலில் ஒரு குறிப்பிட்ட மாணவருக்கு மட்டும் நேரத்தை நீட்டிக்கலாம், இன்னொரு வாய்ப்பும் கொடுக்கலாம். அந்த வசதி இருப்பதே சாருக்கு அன்றைக்குத்தான் தெரியுமாம். அவரை நான் குறை சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஐந்து பேருக்கும் அந்த வாரமே கல்லூரி லேபில் மறுபடி குவிஸ் வைத்தார். அக்கா பதினேழு எடுத்தாள்.

அசைன்மென்டிலும் இதேபோல் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று முடிக்க வேண்டிய தேதி. அது தாண்டினாலும் கொடுக்கலாம், 'தாமதம்' என்று மட்டும் காட்டும். மற்றொன்று கதவை மூடும் தேதி. அதற்குப் பிறகு வாங்காது. இரண்டையும் ஒரே நாளாகப் போட்டுவிட்டால், பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளைக்கும் சோம்பேறிப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். இன்னும் ஒன்று. மூடுலுக்கு ஒரு செல்போன் செயலி இருக்கிறது. கல்லூரி வைஃபையில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் வீட்டில் நெட் இல்லாமலே படிக்கலாம். நேரக் கட்டுப்பாடு இல்லாத குவிஸ் என்றால், ஆசிரியர் அனுமதி கொடுத்திருந்தால், அதையும் நெட் இல்லாமல் எழுதி, பிறகு சிக்னல் கிடைக்கும்போது அனுப்பலாம். பாலைவனத்துப் பையன் தொடங்கி வைத்ததில் இது இல்லாமல் இருக்குமா? ஆனால் அந்த அனுமதிக் கட்டத்தில் ஒரு ஆள் டிக் அடிக்க வேண்டும். அடிக்கச் சொல்லி ஒரு ஆள் கேட்கவும் வேண்டும்.

குறைகளும் உண்டு. அக்காவின் பாடங்களில் இரண்டில் வெறும் பவர்பாயின்ட் கோப்புகளை மட்டும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அது எல்.எம்.எஸ். இல்லை, குடோன். கலந்துரையாடல் பகுதி என்று ஒன்று உண்டு, அங்கே சந்தேகம் கேட்கலாம். ஆனால் பெரும்பாலும் "தேங்க்யூ சார்" என்று நாற்பது பேர் எழுதியிருப்பார்கள். பக்கம் முழுவதும் ஆங்கிலம். தமிழில் மாற்றும் வசதி மூடுலில் இருந்தாலும் அக்காவின் கல்லூரியில் அதைப் போடவில்லை. டைப் அடிக்கவும், கோப்பை ஏற்றவும் தெரியாமல் போகிற பிள்ளைகள் முதல் செமஸ்டரில் மிகவும் சிரமப்படுகிறார்கள் என்று அக்கா சொல்கிறாள். நம் பள்ளிக் கணினியில் உட்கார நமக்கு முறை வரும்போது, பெயின்டில் வீடு வரைவதோடு நிறுத்தாமல், ஒரு கோப்பைச் சேமித்து, பெயர் மாற்றி, திரும்பத் தேடி எடுக்கவும் பழகிக்கொள்ளலாம். (வீடு வரைய வேண்டாம் என்று சொல்லவில்லை!)

கணினி இல்லாமலே மூடுல் குவிஸ் எப்படி இருக்கும் என்று காட்ட, இந்தத் தாளின் அடியில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். நிலாவுக்குப் போனால் நமக்குக் குறைவது எது? அ) நிறை ஆ) எடை இ) இரண்டும் ஈ) இரண்டும் இல்லை. நான்கு விடைக்கும் கீழே நான்கு மடிப்புச் சீட்டுகள் ஒட்டியிருக்கிறேன். முதலில் உங்கள் விடையை ஒரு துண்டுத் தாளில் பெயர், வகுப்போடு எழுதிவிட்டு, அப்புறம் உங்கள் விடைக்கு உரிய சீட்டை மட்டும் தூக்கிப் பாருங்கள். தவறாக எழுதியிருந்தால் ஏன் என்று அதில் இருக்கும். துண்டுத் தாளை எங்கள் வகுப்பு சன்னலில் உள்ள சாக்பீஸ் டப்பாவில் போடவும்.

முடிக்க வேண்டிய தேதி வெள்ளிக்கிழமை. கதவை மூடும் தேதி அடுத்த புதன்கிழமை. மிளகாய் பறிக்கப் போயிருக்கிறவர்கள் திங்கள்தான் வருவார்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி,
ஊராட்சி ஒன்றியப் பள்ளி.