மாஞ்சோலைப் பல்லிக்கு வந்த பேரு

பல்லி கத்தினா எங்க ஆச்சி விரலால தரையைத் தட்டுவாங்க. மேல விழுந்தா காலண்டரை எடுத்து 'பல்லி விழும் பலன்' பார்ப்பாங்க. ஆனா அது என்ன பல்லின்னு எங்க வீட்ல யாரும் கேட்டதில்ல. நீங்க கேட்டிருக்கீங்களா?

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மேல ஏறினா மாஞ்சோலை. அங்க இருக்கிற ஒரு பல்லியோட பேரு திராவிடோகெக்கோ டக்ளஸ்ஆடம்ஸி. ஆமா, 42-ங்கிற விடையால புகழ்பெற்ற நாவலை எழுதின அதே டக்ளஸ் ஆடம்ஸ்தான்! இந்தப் பேரு வந்தது 2019-ல.

ஒரே பேர்ல ஏழு ஃபைல்

1875-ல குந்தர் என்ற விலங்கியலாளர் ஆனைமலைப் பல்லி ஒன்றை விவரித்து 'அனமல்லென்ஸிஸ்'னு பேர் வெச்சார். 1933-ல மால்கம் ஸ்மித் அதுக்காகவே 'திராவிடோகெக்கோ'ங்கிற பேரினத்தை உருவாக்கினார். அப்புறம் அதை வீட்டுப் பல்லிகளோட ஹெமிடாக்டைலஸ் பேரினத்துலயே சேர்த்துட்டாங்க. 2013-ல டிஎன்ஏ ஆய்வு, இது ரொம்பப் பழைய தனிக்கிளைன்னு காட்டுச்சு.

2019-ல சைதன்யா, வரத் கிரி, தீபக், பிரவீண் காரந்த் உள்ளிட்ட குழு பல மலைகள்ல கிடைச்ச பல்லிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரே இனம்னு நினைச்சது ஏழு இனம்! புதுசா பேர் வாங்கினது ஆறு. கொடைக்கானல் பக்கத்து இனத்துக்கு நம்ம தமிழ்லயே 'தொல்பல்லி'ன்னு பேரு. இன்னொண்ணு தாவரவியலாளர் ஜானகி அம்மாள் நினைவாக 'ஜானகியே'. ஆண் பேர்னா கடைசியில 'இ', பெண் பேர்னா 'ஏ'. இது லத்தீன் இலக்கணம்.

எப்படிப் பிரிக்கிறாங்க?

முதல்ல உடம்பு. விரலடித் தகடுகள், ஆண் பல்லியோட தொடையில இருக்கிற நுண்துளைகள், இதையெல்லாம் எண்ணி அளப்பாங்க. அடுத்து டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிடுவாங்க. கடைசியா ஒரு மாதிரி உடலை 'ஹோலோடைப்'னு அருங்காட்சியகத்துல வெச்சு, விவரத்தை வெளியிடணும். அதுக்கப்புறம் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த உடலோடதான் ஒப்பிடணும்.

ஏன் மலைக்கு மலை வேற?

செங்கோட்டை–புனலூர் ரயில் போற கணவாயை நினைச்சுப் பாருங்க. குளிர்ந்த மலைக்காட்டுப் பல்லிக்கு அந்தத் தாழ்வான, சூடான இடைவெளி ஒரு கடல் மாதிரி. இந்தப் பக்கம் இருக்கிறது அந்தப் பக்கம் போகாது. கலப்பு நின்னுபோய், லட்சக்கணக்கான வருஷத்துல தனித்தனி இனமாகும். ஆனா கணவாய்க்குத் தெற்கேயே மாஞ்சோலையில ஒண்ணு, கேரளப் பொன்முடியில 'ஸ்மிதி'ன்னு இன்னொண்ணு இருக்கு. அதனால கணவாய் மட்டுமே முழுக் காரணம் ஆகாது.

இதனால நமக்கென்ன?

2019 வரைக்கும் கணக்கு இப்படித்தான்: மாஞ்சோலையில அழிஞ்சாலும் ஆனைமலையில இருக்கும். இப்போ அந்தக் கணக்கு செல்லாது. இந்த மலையில போனா, உலகத்துல எங்கேயும் இல்ல. பேர் இல்லாத உயிர் அழிஞ்சா, அழிஞ்சதே நமக்குத் தெரியாது.

இன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல் ஜன்னல் கண்ணாடியில பல்லி ஒட்டியிருந்தா, உள்ளே நின்னு அதோட விரலடியைப் பாருங்க. தகடுகள் நடுவுல ரெண்டா பிரிஞ்சிருந்தா அது ஹெமிடாக்டைலஸா இருக்கலாம். திராவிடோகெக்கோவுக்கு அவை பிரியாம முழுசா இருக்கும். மலைக்குப் போனா போட்டோ மட்டும் எடுங்க, பிடிக்காதீங்க. அது புலிகள் காப்பகம், ஆராய்ச்சிக்கே வனத்துறை அனுமதி வேணும்.

ஆச்சி தரையைத் தட்டட்டும். நாம தகடை எண்ணுவோம்.