ராணியைத் தேடாதீர்கள், முட்டையைப் பாருங்கள்

திருகோணமலையில் வசந்தகாலம் என்று ஒன்று கிடையாது. மாரி மழை தையில் ஓய்ந்ததும் காடு பூக்கும், சித்திரையில் வேம்பு பூக்கும், வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று எல்லாவற்றையும் காய்ச்சிவிடும். தேன்பெட்டி வைத்திருப்பவருக்கு மாசியும் பங்குனியும்தான் முக்கியம். ஏப்ரலில் பெட்டியைத் திறக்கச் சொல்லும் ஐரோப்பியக் கைநூல்கள் அங்கத்தைய பனிக்கும் அங்கத்தைய தேனீக்கும் எழுதப்பட்டவை. நம் பெட்டியில் இருப்பதோ இந்தியத் தேனீ.

"ராணியைக் காணேல்ல, செத்துப்போச்சு."

அநேகமாகப் பிழை. இந்தியத் தேனீயின் ராணி வெளிச்சம் பட்டதும் வதையின் மறுபக்கம் ஓடிவிடும். வெயில் உங்கள் தோளுக்கு மேலாக விழும்படி நின்று, சட்டத்தைச் சற்றுச் சரித்து அறைகளின் அடியைப் பாருங்கள். வெள்ளை நூல்துண்டு மாதிரி நிற்பது முட்டை. மூன்று நாளில் அது புழுவாகிவிடும். ஆகவே முட்டை தெரிந்தால் கடந்த மூன்று நாளுக்குள் ராணி அங்கே நடமாடியிருக்கிறாள்.

முட்டை இல்லாவிட்டாலும் பதறவேண்டாம். கூட்டம் பிரியும்போது பழைய ராணி ஒரு பகுதித் தேனீக்களோடு போய்விடும். புதியவள் பிறந்து, வானத்தில் பல ஆண் தேனீக்களோடு கூடி, முட்டையிட இரண்டு மூன்று கிழமை பிடிக்கும். அதற்குள் வேறு ராணியைக் கொண்டுவந்து விட்டால் பெரும்பாலும் கொன்றுபோடும். சந்தேகமென்றால் இன்னொரு பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள சட்டம் ஒன்றை வையுங்கள். அதில் ராணி அறை கட்டத் தொடங்கினால் ராணி இல்லை என்றே அர்த்தம்.

"ஒரு அறைக்கு மூண்டு நாலு முட்டை, ராணி நல்ல வீரியம்!"

இதுதான் ஆளைக் கவிழ்க்கும் நம்பிக்கை. புது ராணி தொடக்கத்தில் ஓரிரு நாள் அப்படித் தடுமாறுவதுண்டு. ஆனால் முட்டைகள் அறையின் சுவரிலும் ஒட்டியிருந்தால் இட்டவை வேலைக்காரத் தேனீக்கள். ராணியும் புழுவும் இல்லாத கூட்டில் அவற்றின் சூலகம் விழித்துக்கொள்ளும், அதுவும் இந்தியத் தேனீயில் வெகு கெதியாக. அவை ஆணோடு கூடாதவை, ஆகவே அந்த முட்டைகளில் ஆண்கள் மட்டுமே பிறக்கும். வேலைக்கார அறைகளின் மூடி மேடுதட்டி, நடுவில் சிறு துளையோடு இருந்தால் உள்ளே வளர்வது ஆண். அந்தக் கூட்டத்துக்குப் புது ராணி கொடுப்பது வீண்வேலை. பக்கத்துப் பலமான பெட்டியோடு, இடையில் பத்திரிகைத்தாள் ஒன்றை விரித்துச் சேர்த்துவிடுங்கள்.

"ராணி அறை கண்டா நசுக்கிப்போடு."

எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வதையின் கீழ் விளிம்பில் பல தொங்கினால் கூட்டம் பிரியப்போகிறது. வதையின் நடுவே, வேலைக்கார அறையையே நீட்டிக் கட்டியிருந்தால் ராணி திடீரெனச் செத்திருக்கிறது. அதை நசுக்கினால் கூட்டம் முடிந்தது.

"பெட்டி வெறுமையாக் கிடக்கு, ராணி செத்ததாலதான்."

ராணியோடேயே பறந்து போயிருக்கும். எறும்பு, மெழுகுப்பூச்சி, கச்சான் காலத்துப் பட்டினி, ஓயாமல் பெட்டியைத் திறக்கும் நம் கை என்று காரணங்கள் பல. ராணி நாட்டை ஆள்பவள் என்று நினைப்பதால் வரும் வினை இது. அரிஸ்டாட்டில் அவளை அரசன் என்றே எழுதிவைத்தார். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் ஸ்வாமர்டாம் அறுத்துப் பார்த்துச் சூலகத்தைக் காட்டினார். அவள் ஆள்வதில்லை, முட்டையிடுகிறாள்.

பெட்டி திறந்த திகதியைக் கலண்டரில் குறித்துவையுங்கள். முட்டையிலிருந்து ராணி வெளிவர ஏறத்தாழ 16 நாள்.