பாடம் 6: “நான் நல்ல அம்மா இல்லையோ?” – வீடு திரும்பிய பின் சிறு பிள்ளைகளை வளர்த்தல்



2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மாத்தளை மாவட்டத்திலும் பல குடும்பங்களை வீட்டை விட்டு வெளியேற்றியது. வில்கமுவ போன்ற இடங்களில் வெள்ளத்தோடு யானைத் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. எந்தக் காரணத்தால் இடம்பெயர்ந்திருந்தாலும், இப்போது நீங்கள் வீடு திரும்பியிருக்கிறீர்கள். கூரை, கிணறு, தொலைந்த ஆவணங்கள் பற்றி முன்னைய பாடங்களில் பார்த்தோம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் உங்களுக்காக இந்தப் பாடம்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்

மூன்று வயது மகன் படுக்கையை நனைக்கிறான். இடம்பெயர முன்னர் அந்தப் பழக்கம் நின்றிருந்தது. அம்மா கிணற்றடிக்குப் போனாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறான். நலன்புரி நிலையத்தில் கிடைத்த போர்வையை விடுவதில்லை. இரவில் அப்பா யானைக் காவலுக்கு வயலுக்குப் போய்விடுவார். யானை வெடிச் சத்தம் கேட்டால் பிள்ளை அலறி எழும்புவான். அடுத்த பாயில் கைக்குழந்தை. ஒரு நாள் அதிகாலை, மறுபடியும் நனைந்த பாயைக் கண்டதும் அம்மா மகனை அடித்துவிடுகிறார். நாற்றமடிக்கும் போர்வையையும் தூக்கி எறிகிறார். பிறகு அடுப்படியில் இருந்து அழுகிறார்: “மற்ற அம்மாமார் எல்லாம் சமாளிக்கிறாங்க. என்னால மட்டும் ஏலாது. நான் நல்ல அம்மா இல்லை.”

இது உங்கள் வீடாகவும் இருக்கலாம். இதில் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்ப்போம்.

பிள்ளைக்கு என்ன நடக்கிறது?

விட்ட பழக்கம் திரும்புவது, விரல் சூப்புவது, ஒட்டிக்கொண்டே இருப்பது, காரணமில்லாமல் அழுவது, வெள்ளம் வந்ததைத் திரும்பத் திரும்ப விளையாடிக் காட்டுவது எல்லாம் இடம்பெயர்ந்த சிறு பிள்ளைகளிடம் வழமையாகக் காணப்படுபவை. அவை பிடிவாதமும் அல்ல, உங்கள் வளர்ப்பின் குறையும் அல்ல. “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்லப் பிள்ளைக்குச் சொற்கள் போதாது. அதனால் உடம்பால் சொல்கிறது. அடித்தால் பயம் கூடும், படுக்கை நனைவதும் கூடும். வீட்டில் ஒழுங்கு திரும்பத் திரும்ப, பெரும்பாலான பிள்ளைகளிடம் இவை தாமாகவே குறைந்துவிடும்.

உங்களுக்கு என்ன நடக்கிறது?

1939 செப்டெம்பரில் போர் தொடங்கியபோது, குண்டுவீச்சுக்குப் பயந்து இங்கிலாந்தின் நகரங்களிலிருந்து பெருந்தொகையான பிள்ளைகள் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வாறு இடம்பெயர்ந்த பிள்ளைகளோடு ஒக்ஸ்போர்ட்ஷயர் பகுதியில் பணியாற்றியவர் டொனால்ட் வினிகொட் என்ற சிறுவர் வைத்தியர். பிள்ளைக்குக் குறையே இல்லாத அம்மா தேவையில்லை, “போதுமான அளவுக்கு நல்ல” அம்மா இருந்தால் போதும் என்று அவர் பின்னர் எழுதினார். பிறந்த புதிதில் குழந்தையின் தேவைகளுக்குத் தாய் ஏறக்குறைய முழுமையாக ஈடுகொடுக்கிறார். பிள்ளை வளர வளர, தாங்கக்கூடிய அளவில் சிறிது காத்திருப்பும் சிறிது ஏமாற்றமும் வருகின்றன. அவற்றின் ஊடாகத்தான் பிள்ளை உலகத்தைப் பழகிக்கொள்கிறது.

பிள்ளைகள் ஒரு துணித்துண்டையோ போர்வையையோ விடாமல் பிடித்திருப்பதைப் பற்றியும் 1953இல் அவர் எழுதினார். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தில் பிள்ளைக்குத் துணை அது. ஆகவே அந்தப் போர்வையை எறிய வேண்டாம். துவைக்க வேண்டுமானால் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, பகலில் துவைத்து, இரவுக்கு முன் திருப்பிக் கொடுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் சாப்பாடு, குளிப்பு, நித்திரை. வீடு பாதி கட்டிய நிலையில் இருந்தாலும் இதைச் செய்யலாம்.
2. யானை வெடி பற்றி மாலையிலேயே சொல்லி வையுங்கள்: “இரவு சத்தம் கேட்கும். யானையை விரட்டுவதற்கு அப்பா போடும் சத்தம் அது. அம்மா உன் பக்கத்தில் இருப்பேன்.”
3. படுக்கை நனைந்தால் பேச்சில்லாமல் மாற்றிவிடுங்கள். மற்றவர்கள் முன் சொல்லிச் சிரிக்க வேண்டாம்.
4. கோபம் தலைக்கேறினால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் விட்டு, சில நிமிடம் விலகி நில்லுங்கள். கைக்குழந்தையை ஒருபோதும் உலுக்க வேண்டாம். மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.
5. அடித்துவிட்டால் மடியில் எடுத்து, “அம்மா அடிச்சது பிழை” என்று சொல்லுங்கள். இதனால் உங்கள் மதிப்புக் குறையாது. பிழையைத் திருத்தலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.
6. தந்தைமாரே, காவலுக்குப் போகாத நாளில் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளை நீங்கள் பொறுப்பெடுங்கள். அந்த நேரம் அம்மா தூங்கட்டும். பாட்டியோ அயல்வீட்டாரோ உதவ வந்தால் மறுக்க வேண்டாம்.

எப்போது, யாரிடம் உதவி கேட்பது?

உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் வீடு திரும்பியதை அறிவியுங்கள். பிள்ளை சுகாதார அபிவிருத்திப் பதிவேடு வெள்ளத்தில் போயிருந்தால் புதியதைக் கேளுங்கள். தமிழிலும் அது அச்சிடப்படுகிறது. 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியோ வேறு ஊசியோ தவறியிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எடை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா பற்றியும் கிளினிக்கில் கேளுங்கள்.

பிள்ளையின் பயம் ஒரு மாதத்துக்கு மேலாகக் குறையாவிட்டால், அல்லது பேச்சும் விளையாட்டும் நின்றுபோனால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமின்மை, தூக்கமின்மை, தொடர்ந்த அழுகை இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது நோய், சோம்பலோ பாசக் குறைவோ அல்ல. உங்களுக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம். பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றிய உதவிக்கு 1929.

குழுவில் கலந்துரையாடுவோம்

• வீடு திரும்பிய பின் உங்கள் பிள்ளையில் என்ன மாற்றம் கண்டீர்கள்?
• கதையில் வந்த அம்மாவின் அயல்வீட்டில் நீங்கள் இருந்தால், அன்று காலை என்ன செய்திருப்பீர்கள்?
• இந்த வாரம் யாருடைய பிள்ளைகளை யார் ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொள்ளலாம்? இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

அடுப்படியில் அழுத அந்த அம்மா பிறகு எழுந்து, போர்வையைத் தேடி எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார் என்று வைத்துக்கொள்வோம். மகன் கொடிக்குக் கீழே நின்று அது காயும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு அது போதும்.