கூதிர் காலத்துக் கொல்லைத் தோட்டம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். ஆங்கிலத் தோட்டக்கலை நூல்கள் கூறும் இலையுதிர் காலமும் ஏறத்தாழ இதே நாட்களில்தான் வருகிறது. உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்து உரமாக்குங்கள் என்கின்றன அந்நூல்கள். நம் ஊரிலோ ஐப்பசி மழையில் மரங்களெல்லாம் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. வேம்பும் புங்கமும் சருகு உதிர்ப்பது மாசி, பங்குனியில் அல்லவா? எனவே, கூதிர் காலத்தில் இயற்கை உரமிட்டுக் காய்கறி விளைவிக்க விரும்புவோர் மாசியிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சென்ற புரட்டாசிக் கடைசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு பாத்தி கட்டினேன். இரசாயன உரம் கூடாது என்பது என் உறுதி. மட்கிய எருவோ கைவசம் இல்லை. வைக்கோலையும் காய்ந்த சருகையும் மண்ணில் கொத்திக் கலந்து தண்டுக்கீரை விதைத்தேன். "மக்காததைப் போடாதே தம்பி, கீரை வெளுத்துப்போகும்" என்றார் அம்மா. எல்லாம் இயற்கைதானே என்று நான் வாதாடினேன். பதினைந்தாம் நாள் கீரை வெளிர் மஞ்சளாகிவிட்டது. சாண் உயரத்திற்கு மேல் எழவே இல்லை.

காரணம் இதுதான். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 80 பங்கு கரிச்சத்து இருக்கிறது. அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் தம் உடலை வளர்த்துக்கொள்ள இவ்வளவு குறைந்த தழைச்சத்து போதாது. குறைபடுவதை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. வேருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. கரிச்சத்து கரியமில வாயுவாக வெளியேறி, அந்த 80 என்பது 20 அளவுக்கு இறங்கிய பின்னரே செடிக்குத் தழைச்சத்து கிடைக்கத் தொடங்கும். எருக்குழியில் நடந்து முடிந்திருக்க வேண்டிய வேலையை நான் பாத்தியில் நடத்தியிருக்கிறேன்! நைட்ரஜன் சுழற்சியைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

இந்தூரில் ஆய்வு செய்த ஆல்பர்ட் ஹோவர்டு, கம்போஸ்டு தயாரிக்கும் முறையை 1931இல் நூலாக வெளியிட்டார். காய்ந்த குப்பை, பசுந்தழை, சாணம் மூன்றையும் அடுக்கி, காற்றுப் புகுமாறு அவ்வப்போது கிளறிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் எரு ஆயத்தமாகும். நம் உழவர்களைத் தம் பேராசிரியர்கள் என்று அழைத்தவர் அவர். அம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்.

சரி, ஐப்பசியிலேயே குழி போட்டால் என்ன? தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. திறந்த குழியில் நீர் தேங்கினால் காற்று புகாது. குப்பை அழுகி நாற்றமெடுக்கும். கரையும் சத்தெல்லாம் அடித்துச் செல்லப்படும். இந்த மழைதான் யூரியாவுக்கும் பகை. யூரியா மண்ணில் அம்மோனியமாகிப் பின்னர் நைட்ரேட்டாக மாறுகிறது. களிமண் துகளும் நைட்ரேட்டும் எதிர்மின் தன்மை உடையவை. ஆகவே மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. ஒரு பெருமழை போதும், வேருக்குக் கீழே இறங்கிவிடும். மட்கிய எருவிலிருந்தோ தழைச்சத்து சிறிது சிறிதாகவே வெளிப்படும். என் கீரையையும் இறுதியில் ஓரளவு தேற்றியது பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொடுத்த இரண்டு கூடைப் பழைய சாணியெருதான்.

எருவைப் போலவே மற்றவையும் முன்கூட்டியே வேண்டும். பந்தல் அவரையை ஆடியில் ஊன்றிவிட வேண்டும். புரட்டாசி வரை கொடி மட்டும் ஓடுகிறதே என்று சிலர் சலித்துக்கொள்வர். நாட்டு அவரை குறும்பகல் தாவரம். நம் பகுதியில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்திற்குச் சற்றே கூடுதல்தான். ஆனாலும் அவரை அதை உணர்ந்து, பகல் சுருங்கிய பிறகே பூக்கிறது. பகலின் நீளத்துக்கும் பூப்புக்கும் உள்ள இத்தொடர்பைக் கார்னரும் அல்லார்டும் 1920இல் புகையிலையையும் சோயாவையும் கொண்டு விளக்கினர். ஆடிப்பட்டம் வகுத்தவர்கள் அதற்கு வெகு முன்பே கணக்குப் போட்டுவிட்டார்கள்.

அவரையில் மொய்க்கும் அசுவினிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது. பருப்பை 50 கிராம் இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்து, மழையில்லாத மாலையில் தெளிக்கலாம். ஆனால் வேப்பம்பழம் உதிர்வது ஆனி, ஆடியில். அப்போது பொறுக்கி நிழலில் உலர்த்தாதவர் கார்த்திகையில் கடைக்குத்தான் போக வேண்டும். பாத்தியை அரை அடி உயர்த்திக் கட்டி வடிகால் விடுவது ஒன்றே மழை நேரத்தில் செய்யக்கூடிய வேலை. அதைச் செய்யாவிட்டால் கத்தரி, தக்காளி நாற்றுகள் அழுகிப்போகும்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் பங்குனியில் நம் கல்லூரி வேம்புகளின் அடியில் சருகு முழங்கால் அளவு கிடக்கும். ஆண்டுதோறும் அதைக் கூட்டி எரித்துவிடுகிறார்கள். தாவரவியல் துறைக்குப் பின்புறம் மேடான இடம் ஒன்று இருக்கிறது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு குழி வெட்ட நானும் என் வகுப்பு நண்பர்கள் நால்வரும் ஆயத்தமாக உள்ளோம். மண்வெட்டி எங்களிடம் உண்டு. துறைத் தலைவர் அவர்களின் அனுமதியும் சாணமும்தான் வேண்டும்.